கடைசிப் பதினாறு அடி

தேர் ஓடுவதைப் பார்க்க ஊரே வரும். தேர் நிலைக்கு வருவதைப் பார்க்க எத்தனை பேர் நிற்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? நாலு வீதியும் சுற்றி, நீர்மோர் குடித்து, பானகம் குடித்து, குழந்தைக்குப் பலூன் வாங்கி, அந்தப் பலூன் வெடித்து, இன்னொரு பலூனும் வாங்கியாகிவிட்டது. தேர் நிலைக்குப் பத்தடி இருக்கும்போது முக்கால்வாசி ஜனம் வீட்டில் உட்கார்ந்து காலுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருக்கும்.

ஆனால் சக்கரத்தோரம் குனிந்து முட்டுக்கட்டை போடுகிற ஆசாமியைக் கேட்டுப் பாருங்கள். வயிற்றைக் கலக்குவது நாலு வீதியும் இல்லை, அந்தக் கடைசிப் பத்தடிதான் என்பார்.

கார் ரேஸும் அப்படியே. இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போவதை டி.வி.யில் காட்டுவார்கள். ஜெயித்தவன் பாட்டிலைக் குலுக்கிப் பக்கத்தில் நிற்பவன் சட்டையை நனைப்பதைக் காட்டுவார்கள். அதே காரை மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில், மூடிய லாரிக்குள்ளோ டிரெய்லருக்குள்ளோ ஏற்றுவதை யாராவது காட்டியிருக்கிறார்களா? (டிரெய்லர் என்றதும் அடுத்த வெள்ளிக்கிழமை ரிலீஸ் ஞாபகம் வருகிறவர்கள் மன்னிக்கவும். இது சக்கரம் வைத்த டிரெய்லர்.)

முள்ளிப்பட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கார் ரேஸுக்கும் என்னய்யா சம்பந்தம் என்பீர்கள். ஒரே ரோடுதான் சம்பந்தம். ஆரணிப் பட்டுச்சேலை மூட்டை போகிற அதே காஞ்சிபுரம் ரோட்டைப் பிடித்து, அப்படியே சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் தாண்டிப் போனால் இருங்காட்டுக்கோட்டை. சுமார் நூறு கிலோமீட்டர். எங்கள் பக்கத்துப் பையன்கள் பலர் தறிக்குழியிலிருந்து எழுந்து அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் ஷிஃப்டுக்குப் போகிறார்கள். அங்கேதான் 1990-ல் திறந்த ரேஸ் டிராக் இருக்கிறது. அதற்கு முன்னால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் கார் ஓட்டினார்கள். உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ 'சோழவரம் ரேஸ்' என்று ஆரம்பித்தால் ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும், ஜாக்கிரதை.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். ரேஸைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். யார் முதலில் வந்தது என்பதைக்கூட மறந்துவிட்டேன். கூட்டம் கலைந்த பிறகு பின்பக்கம் லாரிகள் நிற்கிற இடத்தில் நடந்ததைத்தான் மறக்க முடியவில்லை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். (பி.காம்.காரன் பௌதிகம் பேசக்கூடாது என்று இந்திய அரசியல் சட்டத்தில் எந்த ஷரத்தும் இல்லை.) ஃபார்முலா கார் ஒன்று. எடை அறுநூறு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் ஐந்தே முக்கால் அடி. லாரியின் உள்ளகலம் ஏழரை அடி. மிச்சம் இருபத்தோரு அங்குலம். அதாவது பக்கத்துக்குப் பத்தரை அங்குலம். ஒரு ஆள் பக்கவாட்டில் ஒட்டி நடக்கலாம், மதியம் சாப்பிடாமல் இருந்தால்.

லாரியின் தளம் நாலடி உயரம். சாய்த்து வைத்த பலகை பதினாறு அடி. ஆக நாலுக்கு ஒன்று ஏற்றம். அறுநூறு கிலோவில் நாலில் ஒரு பங்கு, நூற்றைம்பது கிலோ, எந்நேரமும் உங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். நாலு பேர் தள்ளினால் ஆளுக்கு முப்பத்தேழரை கிலோ. அதில் ஒருத்தன் மூக்கைச் சொறியக் கையை எடுத்தால் மற்ற மூன்று பேருக்கு ஆளுக்கு ஐம்பது. இன்னொருத்தனுக்கும் மூக்கு அரித்தால்... வேண்டாம், கணக்கை இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு சங்கதி. இந்த ரகக் கார்களில் பொதுவாக ஹேண்ட் பிரேக் கிடையாது. கால் பிரேக் மட்டும்தான். உள்ளே ஆள் இல்லை என்றால் பிரேக்கும் இல்லை. அதனால் இருப்பதிலேயே ஒல்லியான பையனாகப் பார்த்து உள்ளே உட்கார வைத்தார்கள். ஸ்டியரிங் பிடிக்கவும் அவன்தான், பிரேக் மிதிக்கவும் அவன்தான்.

"எஞ்சினைப் போட்டு ஏத்திட்டா என்ன?" என்று கேட்டேன்.

சீனியர் மெக்கானிக் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரேஸ் கிளட்சு ஸார் இது. உங்க ஸ்கூட்டர் மாதிரி மெதுவா வுட முடியாது. ஒண்ணு நிக்கும், இல்ல பாயும். பாஞ்சா எதிர்ல லாரியோட சுவரு. அது மட்டுமா, மூடுன பொட்டிக்குள்ள புகை வேற. நல்லாவா இருக்கும்?"

நல்லாவே இருக்காது. மூடிய இடத்தில் எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை சுற்றுகிறதே என்று நினைப்பதற்குள் ஆளைச் சாய்த்துவிடும்.

ஆகவே தள்ளல். ஒல்லிப் பையன் உள்ளே போய்ப் படுத்தான். ஆமாம், படுத்தான். ஃபார்முலா காரில் உட்காருவது என்பது ஈஸி சேரில் சாய்வது மாதிரி. கண் மட்டம் டயருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். சமதரையிலேயே முன்னால் இருப்பது அரைகுறையாகத்தான் தெரியும். மூக்கைத் தூக்கிக்கொண்டு பலகையில் ஏறும்போது அவனுக்குத் தெரிவது ஆகாயம், அப்புறம் லாரியின் கூரை. உலகத்திலேயே எதையும் பார்க்காமல் ஸ்டியரிங் பிடிக்கிற ஒரே டிரைவர் அவன்தான். (டவுன் பஸ் டிரைவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

அவனுக்குக் கண் மற்றவர்கள். இங்கேதான் நம் தேசிய குணம் வெளிப்பட்டது. தள்ள நாலு பேர், சொல்ல எட்டுப் பேர்!

"லெஃப்ட் ஒடி!"

"யோவ், உன் லெஃப்டா அவன் லெஃப்டா?"

"என் லெஃப்டுதான்."

"நீ அவனைப் பாத்து நிக்கிறய்யா! உன் லெஃப்டு அவனுக்கு ரைட்டு!"

வீட்டில் பீரோ ஏற்றிய அனுபவம் உங்களுக்கு இருக்கும். மாடிப்படித் திருப்பத்தில் மேலே பிடித்தவன் இடது என்பான், கீழே பிடித்தவன் வலது என்பான். இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். பீரோ மட்டும் சுவரில் ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிட்டு நடுவில் நிற்கும். எங்கள் தெருவில் ஒரு பீரோ அப்படியே ஒரு ராத்திரி முழுக்கப் படியில் நின்றது. மாடியில் இருந்தவர்கள் மறுநாள் காலை வரை மாடியிலேயே இருந்தார்கள்.

இதைத் தீர்த்து வைத்தவன் லாரி கிளீனர். இருபது வயது இருக்கும். வந்து ஒரே அதட்டல்: "இந்த லெஃப்டு ரைட்டெல்லாம் வேணாண்ணே. டிரைவர் சைடு, கிளீனர் சைடு. அவ்ளோதான்."

சத்தம் சட்டென்று அடங்கியது. லாரியில் டிரைவர் உட்காருகிற பக்கம் எது என்பதில் யாருக்கும் அபிப்பிராய பேதம் இருக்க முடியாது. நீங்கள் முன்னால் நின்றாலும், பின்னால் நின்றாலும், தலைகீழாகத் தொங்கினாலும் டிரைவர் சைடு டிரைவர் சைடுதான். எம்.பி.ஏ. படிப்பில் தகவல் தொடர்பு என்று இரண்டு பருவம் நடத்துகிறார்களே, அவர்கள் இந்தப் பையனைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசச் சொல்லலாம்.

அவன் செய்த இரண்டாவது காரியம் இன்னும் உசத்தி. எட்டுப் பேரும் இரண்டு பக்க இடைவெளியையும் மாறி மாறி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவன், "அந்தப் பக்கம் யாரும் பாக்காதீங்க. டிரைவர் சைடு மட்டும் பாருங்க, நாலு விரக்கடை ரெண்டு தடவை" என்றான். அதாவது ஒரு பக்கம் சரியாக இருந்தால் மறுபக்கம் தானாகச் சரியாக இருந்தே தீரும். மொத்தம் இருபத்தோரு அங்குலம், அது எங்கேயும் ஓடிவிடாது. மூன்று வருஷம் காலேஜில் டபுள் என்ட்ரி படித்த எனக்கு இது தோன்றவில்லையே என்று தோன்றியது. டெபிட் சரியென்றால் கிரெடிட்டைப் போய்த் தனியாகத் துழாவ வேண்டாம்.

ஆனால் இதைவிடப் பழைய உதாரணம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. தறியில் நாடா போவதைப் பார்த்திருக்கிறீர்களா? கயிற்றைச் சுண்டியதும் ஒரு பெட்டியிலிருந்து கிளம்பி, விரித்த பாவுக்கு நடுவே பாய்ந்து, மறுபக்கப் பெட்டிக்குள் போய் நிற்கும். மூடிய பெட்டி. நாடாவைவிடக் கொஞ்சமே அகலம். உள்ளே ஆள் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது, "ஒடி ஒடி" என்று கத்த எட்டுப் பேர் கிடையாது. நாள் பூராவும் போய் வந்துகொண்டிருக்கிறது. எப்படி? நாடா ஓடுகிற பலகை அச்சுப் பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கும். அதனால் நாடா நடுவில் போக முயற்சிப்பதே இல்லை. அச்சை ஒட்டியே போகிறது. ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் என்ற கிளீனர் தத்துவம்தான். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பலகைக்கு இங்கிலீஷில் பெயரே 'ரேஸ்'! ஜான் கே என்ற இங்கிலீஷ்காரர் 1733-ல் இந்த ஓடும் நாடாவுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆக, எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ரேஸ் டிராக் இருக்கிறது என்று நான் தைரியமாகச் சொல்லலாம்.

சரி, கார் பலகையில் ஏற ஆரம்பித்தது. ஓரடி ஏறியதும் மூக்கு தட்டுகிற மாதிரி இருந்தது. தரைக்கும் இந்தக் காரின் வயிற்றுக்கும் இடையில் சில அங்குலம்தான். ஆகவே கீழே இன்னும் இரண்டு பலகை வைத்து ஏற்றத்தைக் குறைத்தார்கள். அப்புறம் ஒவ்வொரு அடிக்கும் "கட்டை!" என்று ஒரு குரல். பின் சக்கரத்துக்கு அடியில் ஒருவர் பக்கவாட்டில் நின்று ஆப்புக்கட்டையை நகர்த்திக்கொண்டே வந்தார். பக்கவாட்டில் என்பதைக் கவனியுங்கள். காருக்கு நேர் பின்னால் யாரையும் நிற்க விடவில்லை. தள்ளுகிற நாலு பேரும் ஓரங்களில்தான். கட்டைக்காரர் கை எப்போதும் கட்டையின் மேல்பக்கம், விரல் அடியில் போகவே போகாது. அவருடைய இடது கையில் ஒரு விரல் பாதிதான் இருந்தது. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

திருவாரூர் ஆழித்தேரை நினைத்துக்கொண்டேன். அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன் என்பார்கள். திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது. ஆனால் ஸ்டியரிங்? அது இன்னமும் முட்டுக்கட்டைதான். வடம் பிடிக்கிறவர்களால் தேரை முன்னால் இழுக்கத்தான் முடியும், திருப்ப முடியாது. திருப்புகிறவர்கள் சக்கரத்தோரம் கட்டையோடு ஓடுகிறவர்கள். எந்தச் சக்கரத்துக்கு எந்தக் கோணத்தில் எந்தக் கட்டை என்பது அவர்களுக்குக் கைப்பாடம். மனுநீதிச் சோழன் மகன் ஊரும் அதேதான். அன்றைக்குத் தேரோடு ஒரு கட்டைக்காரர் ஓடியிருந்தால் கன்று பிழைத்திருக்கும், நமக்கு ஒரு கதை குறைந்திருக்கும்.

விளையாட்டுக்குச் சொல்லிவிட்டேன், விளையாட்டு இல்லை. 2022 ஏப்ரலில் தஞ்சாவூருக்குப் பக்கத்தில் களிமேட்டில் சப்பரம் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் போனார்கள். வேகமாக ஓடிய வண்டி இல்லை. ஆள் நடக்கிற வேகத்தில், சொந்தத் தெருவில் போனது.

ஃபார்முலா கார் உள்ளே போய்விட்டது. ஒல்லிப் பையன் ஸ்டியரிங் வீலைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு (இந்தக் கார்களில் வீல் கழன்று வரும், இல்லாவிட்டால் தொடையை வெளியே எடுக்க முடியாது) மேல்வழியாக எழுந்து வந்தான்.

அடுத்து வந்ததுதான் தகராறு. கதவு, கூரை எல்லாம் உள்ள ரகம். நம் ரோட்டுக் காரை ரேஸுக்காக மாற்றியது. இதை உள்ளே ஓட்டிப் போகலாம். போன பிறகு கதவு நாலு அங்குலத்துக்கு மேல் திறக்காது. கூரை வழியாக வரவும் முடியாது. ஜன்னல் வழியாக வரலாமே என்பீர்கள். பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டு இடம் பிடித்து, பின்னாலேயே தானும் நுழைந்த தலைமுறைதான் நாம். ஆனால் ரேஸ் காரில் உள்ளே கம்பிக்கூண்டு இருக்கும். வெளியே வந்தாலும் நிற்க இடம் பத்து அங்குலம். வெளிநாட்டில் சில டிரெய்லர்களில், கார்க் கதவு வருகிற இடமாகப் பார்த்து, டிரெய்லர் சுவரிலேயே ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். அங்கே ஆள் கூலி அதிகம், ஒருத்தனே வார்டில் படுத்தவன் மாதிரி எல்லாவற்றையும் தனியாகச் செய்துகொள்ள வேண்டும்.

அதனால் உள்ளே ஆளே இல்லாமல் வின்ச்சு போட்டு இழுக்கிற வழி. லாரியின் முன்கோடியில் வின்ச்சு, அதிலிருந்து ஒரு கம்பி வடம். ஆள் இல்லாத காருக்கு யார் ஸ்டியரிங் பிடிப்பது?

யாரும் பிடிக்க வேண்டாம் என்பதுதான் பதில். நம்பச் சிரமமாக இருந்தால் சைக்கிளை எடுங்கள். சீட்டை மட்டும் பிடித்து முன்னால் தள்ளுங்கள். ஹேண்டில் தானாக நேராக நின்று கூடவே வரும். இப்போது அதே சீட்டைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். ஹேண்டில் மடங்கிக்கொண்டு உங்கள் முழங்காலைத் தேடி வரும். காரின் முன்சக்கரங்களும் அப்படித்தான். சக்கரம் தரையைத் தொடுகிற இடம், அது திரும்புகிற அச்சுக்குக் கொஞ்சம் பின்னால் விழுகிற மாதிரி சாய்த்து அமைத்திருப்பார்கள். முன்னால் இழுத்தால் சக்கரம் இழுக்கிற திசையைப் பார்த்துத் தானே திரும்பும். பின்னால் போனால் ஒரு பக்கமாக ஒடித்துக்கொள்ளும்.

ஆகவே ஏற்றும்போது ஸ்டியரிங்கைச் சும்மா விட்டுவிட வேண்டும். நம் வீட்டுக் கார் என்றால் சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், எந்தக் கோணத்தில் பூட்டியதோ அந்தக் கோணத்தில் சுவரைப் பார்த்துப் போகும். சாவியைத் திருப்பிப் பூட்டை விடுவித்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும். ரேஸ் காருக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஒரு கொக்கியில் மட்டும் வடத்தை மாட்டக் கூடாது. கொக்கி ஓரத்தில் இருந்தால் கார் கோணிக்கொண்டு வரும். இரண்டு பக்கமும் கட்டி நடுவில் சேர்த்தால் நுகத்தடியில் பூட்டிய மாடு மாதிரி நேராக வரும். வின்ச்சும் லாரியின் நடுக்கோட்டில் இருக்க வேண்டும். சீனியர் மெக்கானிக் இதோடு விடவில்லை. லாரித் தளத்தில் டிரைவர் சைடில் ஒரு நீளச் சட்டத்தை ஆணி அடித்து வைத்திருந்தார். சக்கரம் அதை உரசினால் மேலே ஏறாது, திரும்பிக்கொள்ளும். மறுபடியும் பாருங்கள், ஒரு பக்கம்தான்! நாடாவுக்கு அச்சு மாதிரி, தேருக்குக் கட்டை மாதிரி.

வின்ச்சுக்காரரைத் தவிர உள்ளே யாரும் இல்லை. அவரும் காருக்கு எதிரே நிற்கவில்லை. நீள ஒயர் வைத்த சுவிட்சைப் பிடித்துக்கொண்டு லாரிக்கு வெளியே நின்றார். இழுபட்டிருக்கும் கம்பி வடம் அறுந்தால் சாட்டை மாதிரி வரும், காருக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டினால் சொல்லவே வேண்டாம். எட்டு ஆலோசகர்களும் டீக்கடைக்கு அனுப்பப்பட்டார்கள். கார் பூனை மாதிரி உள்ளே போனது.

எங்கே நிறுத்துவது என்பது தனிக் கணக்கு. லாரிக்கு அவ்வளவு கவலை இல்லை. காரின் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லர் என்றால், மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் முன்கொக்கியில் உட்கார வேண்டும் என்பது வழக்கம். அரையடி பின்னால் தள்ளி நிறுத்தினால் ஹைவேயில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அப்புறம் இழுக்கிற வண்டியை டிரெய்லர் ஓட்டும்.

ஃபார்முலா ஒன் கோஷ்டிகளுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. ஐரோப்பாவில் அவர்கள் லாரிக்குப் பின்னால் லிஃப்ட் பலகை இருக்கிறது. பட்டனை அழுத்தினால் கார் படுத்த வாக்கில் மேலே போய்விடும். 2011-ல் டெல்லி பக்கம் புத் டிராக்கில் ரேஸ் நடந்தபோது கார்கள் விமானத்திலேயே வந்து இறங்கின. நம் பையன்கள் பாடு வேறு. கோயமுத்தூர் கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து 'ஃபார்முலா மாருதி' கட்டியதால்தான் நடுத்தரக் குடும்பத்துப் பையனும் ரேஸ் கனவு காண முடிந்தது. 1995-ல் சின்ன விமானம் ஒன்று விழுந்து அவர் போய்விட்டார். செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயர்தான். அதே கோயமுத்தூரிலிருந்து நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்கே போனார். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டருக்கு விளக்குப் போட்டு ராத்திரி ரேஸ் நடந்ததே, அங்கேயும் கார் பறந்ததைத்தான் எல்லோரும் செல்போனில் பிடித்தார்கள். விடியற்காலையில் அந்தக் கார்களை ஏற்றியவர்களை யாரும் பிடித்த மாதிரி தெரியவில்லை.

வருஷம் முழுக்கச் சேர்த்த ஸ்பான்சர் காசு, கடன், மனைவியின் வளையல் எல்லாம் அந்தப் பதினாறு அடிப் பலகையில் ஏறுகிறது. டிராக்கில் மோதினால் ரேஸில் மோதினேன் என்று மீசையை முறுக்கலாம். லாரிச் சுவரில் இடித்து முன்பக்கம் ஒடிந்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வெளியில் சொல்வது?

இருட்டிவிட்டது. கட்டைக்காரர் நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, பெல்ட் போட்டு இறுக்கினார். சீனியர் மெக்கானிக் கடைசியாக உள்ளே ஊர்ந்து போய், ஜன்னல் வழியாகக் கையை விட்டு, பழைய சைக்கிள் ட்யூபால் ஸ்டியரிங் வீலை நேராக வைத்து இரண்டு பக்கமும் இழுத்துக் கம்பிக்கூண்டோடு கட்டினார்.

"ஏத்தும்போது வுட்ரணும்னீங்களே?"

"இறக்குறப்ப ரிவர்ஸ்ல வரும் ஸார். அப்ப ஒடிச்சிக்கும். செட்டிபாளையத்துல காலைல இறக்கறவங்க எந்தப் பசங்களோ, எப்படியோ. நான் அங்க இருக்க மாட்டேன். நாளைக்கு எனக்கு மச்சான் வீட்ல காதுகுத்து."

கிளீனர் பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தட்டினான். பிறகு லாரியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு. டிரைவர் சைடில்தான்.